கிணற்றடியில் நான் போட்ட கூச்சல்

விடுதியில் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. யாருடைய ஆணி என்று கேட்காமல் என் துண்டை மாட்டிவிட்டேன். அறைந்தவன் திருப்பத்தூர்ப் பக்கத்து மிராசுதார் மகன். பரீட்சையில் இரண்டு முறை தவறி, வயதில் எங்களுக்கு மூத்தவனாக எங்கள் விடுதி அறையை ஆண்டுகொண்டிருந்தான். நான் வேலூரில் இன்டர்மீடியட் படித்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது.

அறையில் நாங்கள் மூன்று பேர். மூன்றாமவன் ஆம்பூர்க்காரன். அவன் அப்பா தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கூலி வேலை செய்தார். விடுமுறைக்குப் போனால் இவனும் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுவான். ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிய அவன் உள்ளங்கை எத்தனை கழுவினாலும் வெளுக்காது.

அந்தக் கையைப் பார்த்தாலே மிராசுதார் மகனுக்கு வெறி வரும். "இன்னாடா நாத்தம் இது? வெளிய போய்ப் படு!" என்று பாயோடு சேர்த்து உதைப்பான். மரச்செருப்பால் முழங்காலில் அடிப்பான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் தட்டை மிதித்துக் கவிழ்த்தான். நான் சிரித்தேன். பயத்தில் சிரித்தேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். என் பாயையும் ஆம்பூர்க்காரனிடமிருந்து விலக்கிச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டேன்.

"நீ ஏன்டா திருப்பி அடிக்கல? உன் கை பலத்துக்கு அவன் தாங்குவானா?" என்று ஒருநாள் அவனிடம் கேட்டேன்.

"ஷாப்பு மொதலாளி சாயபு சொல்லித்தான் இங்க சேத்துக்கினாங்க. நான் கை ஓங்கினா அவரு மூஞ்சில எங்கப்பா எப்படி முழிப்பாரு?" என்றான்.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தபோது, பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு, காலையில் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தோம். மிராசுதார் மகன் அறையிலிருந்து ஆம்பூர்க்காரனின் நோட்டுக்களை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டான். புத்தகம் வாங்க வழியில்லாமல் வருஷம் முழுக்க அவன் கையால் எழுதிய நோட்டுக்கள் அவை.

ஆம்பூர்க்காரன் வாளியைக் கீழே வைத்தான். ஒரே எட்டில் போய் அவன் குரல்வளையைப் பிடித்துக் கிணற்றுச் சுவர்மேல் மல்லாக்கச் சாய்த்தான். தலையும் தோளும் கிணற்றுக்குள் தொங்கின. கால்கள் காற்றில் உதைத்தன. நான் ஓடினேன்.

"விட்டுடுடா! விட்டுடு!" என்று கத்தினேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். மேலே இழு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் விட்டுவிட்டான்.

கோடையில் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருந்தது. புரண்டு விழுந்தவனின் கால் பாறையில் மோதி முறிந்த சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. கயிற்றைப் பிடித்து முதலில் உள்ளே இறங்கியவனும் ஆம்பூர்க்காரன்தான். மிராசுதார் மகனை முதுகில் கட்டித் தூக்கி வந்தான். விழுந்தவனின் கணுக்காலுக்கு மேலே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவன் வேட்டியெல்லாம் ரத்தம்.

வார்டன் ஓடி வந்தார். மிராசுதார் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வழுக்கி வுழுந்துட்டேன் சார்" என்றான். ஒரு தோல் ஷாப்புக் கூலியின் மகன் தன்னைக் கிணற்றில் போட்டான் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"இல்ல சார். நான்தான் போட்டேன்" என்றான் ஆம்பூர்க்காரன்.

வார்டன் என் பக்கம் திரும்பினார். "நான் பாக்கல சார்" என்றேன்.

எல்லோர் முன்னாலும் ஆம்பூர்க்காரனுக்குப் பிரம்படி நடந்தது. சட்டை முதுகோடு ஒட்டும்வரை அடித்தார். அன்று மதியமே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மிராசுதார் மகன் அடுத்த வருஷம் கைத்தடியோடு திரும்பி வந்தான். யாரையும் அடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நான் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"அன்னிக்கி நீ இன்னா நெனச்சிக்கினு கத்தின?"

"உன்னக் காப்பாத்தத்தான்ணா."

கைத்தடி என் புருவத்தில் இறங்கியது. கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. நான் கையைத் தூக்கவில்லை; வார்டனிடமும் சொல்லவில்லை. காயத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அதன்பிறகும் அந்த வருஷம் முடியும்வரை அதே அறையில், இரண்டு முழ இடைவெளியில், அவனும் நானும் படுத்துத் தூங்கினோம்.