செப்டம்பரில் ஒரு கவாத்து

இந்த வீட்டில் காலையில் என் முதல் வேலை, சன்னல்களின் மரக்கதவுகளை வெளிப்பக்கம் தள்ளித் திறப்பது. நேரத்துக்குத் திறக்காவிட்டால் உள்ளே யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று ஊர் பதறிவிடும் என்பாள் மகள் செல்வி. மனைவி இறந்தபின் எங்கள் ஊர் கம்பத்திலிருந்து தெற்கு பிரான்சின் இந்தக் கிராமத்துக்கு வந்தேன். முதல் செப்டம்பரில் ஒருநாள் அப்படிக் கதவைத் தள்ளியதும் பன்னீர் திராட்சை மணத்தது. பழைய கல்சுவரைப் பற்றி ஏறியிருந்த கிழட்டுக் கொடியில் கறுப்புக் குலைகள். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். எங்கள் தோட்டத்துப் பழமேதான். எங்கள் பள்ளத்தாக்குக்கு இந்தக் கொடியைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சின்ன வயதில் கேட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கே இந்த வீடு எனக்குப் பிடித்துப்போனது.

கொடியை நட்டவர் பக்கத்து வீட்டு கொலெத் அம்மையாரின் அண்ணன். அவர் இறந்தபின்தான் செல்வியும் அவள் கணவன் லுக்கும் வீட்டை வாங்கினார்கள். பழம் பறிப்பது மட்டும் எந்தப் பேச்சும் இல்லாமல் தங்கையின் உரிமையாகவே நீடித்தது. கொலெத் பிரம்புக்கூடையோடு வந்து பறித்தார். பாதியை எங்களுக்குத் தந்துவிட்டு, அடிமரத்தைத் தட்டிக்கொடுத்துப் போனார். மறுநாள் செல்வியும் லுக்கும் வேலைக்குப் போனதும் நான் வேட்டியை மடித்துக்கட்டி ஏணியில் ஏறினேன். எங்கள் ஊர்த் திராட்சைப் பந்தலுக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. அறுப்புக்குப்பின் கவாத்து, கவாத்துக்குப்பின் தளிர், தளிரோடு பூ, நாலைந்து மாதத்தில் மறுபடியும் குலை. கல்லூரியில் வரலாறு நடத்தியவன்தான் என்றாலும் விடுமுறைகளில் கத்தரி பிடித்துப் பழகிய கை. ஒட்ட வெட்டினேன். அக்டோபர் வெயிலில் தளிர் வந்தபோது படமெடுத்து, ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு அனுப்பிப் பெருமைப்பட்டேன். நவம்பரில் ஒரே இரவு உறைபனி. காலையில் தளிர்கள் எல்லாம் கொதிநீர் பட்டதுபோல் கறுத்துத் தொங்கின.

அன்று கொலெத் சுவரடியில் வந்து நின்றார். பட்ட தளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம், "லுக்?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம்மூர்த் தலையாட்டலை அவர் ஆமென்று எடுத்துக்கொண்டார் என்று எழுதி நான் தப்பித்துவிடலாம். ஆனால் நான் ஆமென்றுதான் ஆட்டினேன். அதன்பின் அவர் லுக்குக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார். இங்கே தெருவில் "போன்ஜூர்" சொல்லாமல் போவது முகத்தில் அறைவதற்குச் சமம். கொடியை வெட்டியது நான் என்று லுக்குக்குத் தெரியும். பழி தன்மேல் விழுந்தது தெரியாது. காரை அவர் வாசலை ஒட்டி நிறுத்தியதால் கோபமோ என்று, பாவம், தள்ளித் தள்ளி நிறுத்திப் பார்த்தான்.

தளிர் கருகியதைத் தம்பியிடம் போனில் சொன்னேன். "அங்கன ஐஸ் விழுகும்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். புரபசருக்குத் தெரியலையாக்கும்," என்று சிரித்தான். "சரி, வெட்டுனது நீகதேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்லடா. அவுக மாப்பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டிருக்காக."

"நல்லாருக்குண்ணே. மாப்பிள்ளைய மாட்டிவிட்டுட்டு நீக குளிர்காயுறீக."

நான் அப்போது உண்மையிலேயே கணப்படுப்பின் முன்தான் உட்கார்ந்திருந்தேன். விறகு அடுக்கி அதை மூட்டியவன் லுக்.

அன்றிரவே அவனிடமும் செல்வியிடமும் சொன்னேன். லுக் சிரித்துவிட்டான், செல்வி சிரிக்கவில்லை. "நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா. நான் கூட வர மாட்டேன்," என்றாள்.

மறுநாள் கொலெத்தின் கதவைத் தட்டினேன். என் நெஞ்சைத் தொட்டு, விரல்களைக் கத்தரிபோல் அசைத்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்து, தன் ரோஜாச் செடியைக் காட்டி, "மெர்சி, மெர்சி," என்று நன்றி சொன்னார். வேலைக்கு உதவ வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கத்தரியை வாங்கிக்கொண்டு ரோஜாவை வெட்டிக் கொடுத்துத் திரும்பிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. வாங்காமல் எங்கள் சுவரைக் காட்டினேன். "லுக், நோன். முவா," என்றேன். லுக் இல்லை, நான். அவர் சுவரைப் பார்த்தார். என்னை அதைவிட நீளமாகப் பார்த்தார். கத்தரியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் லுக்குக்கு "போன்ஜூர்" கிடைத்தது, கூடவே அவர் வீட்டுக் கோழி முட்டைகளும். எனக்கு இரண்டும் இல்லை. அது நியாயம்தான். அன்று லுக் போட்ட ஆம்லெட் எனக்கு மிகவும் ருசித்தது.

ஏப்ரலில் கொடியின் அடிமரத்தில், நான் வெட்டிய இடத்துக்கு வெகு கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு தளிர் வந்தது. படமெடுத்து அனுப்பினேன். தம்பியிடமிருந்து பதிலுக்கு ஒரு படம்: பழம் நிரம்பிய பெட்டிகள் லாரிக்குக் காத்திருக்கின்றன. "இங்கன இன்னைக்கு அறுப்புண்ணே. அந்தத் தளிர்மேல கைய வச்சுராதீக," என்று எழுதியிருந்தான்.

நேற்றுக் காலை சன்னலைத் திறந்தேன். கொலெத் தளிரின் முன் குனிந்து நின்றிருந்தார். நிமிர்ந்து, "போன்ஜூர், முசியூ," என்றார். போகும்போது தன் பிரம்புக்கூடையை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். இந்த வருஷம் அதில் போட ஒரு குலைகூட இருக்காது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். கூடையைச் சுவர் ஆணியில், தளிருக்கு மேலே மாட்டினேன். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தம்பி இன்னும் பழப்படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தான்.