எனக்குங்க!

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் மல்லசமுத்திரத்தில் பெண்களுக்கு இலவச வாலிபால் முகாம் நடத்தினார்கள். வீட்டில் சும்மா இருந்தால் செல்போனை நோண்டிக்கொண்டே கிடப்பேன் என்றுதான் என்னை அனுப்பினார்கள். விளையாட்டின் மேல் மரியாதை வைத்து அல்ல.

மரியாதை எங்களிடம்தான் தேவைக்கு மேல் இருந்தது. பந்து எனக்கும் பக்கத்தில் நிற்கும் மூத்த பெண்ணுக்கும் நடுவில் வரும்.

"அக்கா, நீங்க எடுங்க" என்பேன்.

"இல்ல சாமி, நீயே எடு" என்பாள்.

பந்து தொப்பென்று தரையில் விழும். பயிற்சி கொடுத்த மேடம் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் ஊர் மரியாதை பழகாதவர். தலையில் அடித்துக்கொண்டார்.

"எடுக்கப்போறவ 'எனக்கு'ன்னு கத்தணும், மத்தவ ஒதுங்கணும். பந்துகிட்ட என்னடி மரியாதை?"

மறுநாள் பந்து என் தலைக்கு நேராக வந்தது. உயிரைக் கொடுத்துக் கத்தினேன்: "எனக்குங்க!"

மேடம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து முகாமில் என் பெயரே அதுதான். கோபம் கோபமாக வந்தது. ஆனால் அதுவரை யாரும் என்னை அவ்வளவு பிரியமாகக் கூப்பிட்டதில்லை. அந்த 'ங்க'வை உதிர்க்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

முகாம் முடிவில் நாமக்கல்லில் நடக்கும் போட்டிக்கு என்னையும் எடுத்தார்கள். மூன்று நாள் வெளியில் தங்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண் யாரும் அப்படித் தங்கியதில்லை. அனுமதி கேட்க மேடமே வீட்டுக்கு வந்தார். அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போகிறவர், மறுநாள் காலையில் கிளம்பிவிடுவார். அன்றே பதில் வராவிட்டால் நான் போக முடியாது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "நீயே சொல்லு."

"நீங்க இருக்கறப்ப நானென்னங்க சொல்றது?"

"பொம்பளப் புள்ள விசயம், நீதான சொல்லோணும்."

"அதெப்படிங்க?"

மேடம் டீ டம்ளரைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பந்து நடுவில் விழப்போகிறது.

"எனக்கு!" என்று கத்திவிட்டேன்.

தூக்கிவாரிப்போட, அப்பா நிமிர்ந்தார். "என்ன சாமி உனக்கு?"

"எனக்குப் போகோணுங்கப்பா." அழுகை வந்துவிட்டது.

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "அவளே சொல்லிப்போட்டா. அப்பறம் நாம ரெண்டு பேரும் எதுக்கு?"

நாமக்கல்லில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். சாயங்காலம் அப்பா ரிக் வண்டியிலிருந்து போன் செய்தார்.

"தோத்தாத் தோத்துட்டுப் போகுது சாமி. நல்லாக் கத்துனயா?"