பச்சைப் பட்டன்

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், நாமே இயந்திரத்தில் துணி துவைக்கும் சலவைக்கடையில் ஞாயிறுகளில் ஒருவரைக் காண்பேன். நாற்பது வயதிருக்கும். மடியிலுள்ள கணினியை அடிக்கடி தள்ளிப் பிடித்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார்.

"என்ன தம்பி, நித்திரையோ?" என்றேன் ஒருநாள்.

"இல்லை ஐயா. கண் மங்கினாலும் பட்டன் தெரியவேணும். அதுதான் சோதினை."

விளையாட்டுகளின் மேல் பணம் கட்டும் இணையப் பந்தயத் தளம் ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் பக்கம் திரையில் இருந்தது. அதன் வழியாகச் சேருகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்குத் தரகு கிடைக்கும். எதைக் கண்டாலும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம்; பக்கத்தில் இருந்ததை எண்ணினேன்: ஒன்பது சொற்கள், ஒரேயொரு பச்சைப் பட்டன்.

"ஒண்டுதானோ?"

"இரண்டு வைச்சால் ஆக்கள் யோசிப்பினம். யோசிச்சால் போயிடுவினம்."

வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. எங்கள் துணிகள் கண்ணாடிகளுக்குப் பின்னால் மெல்லச் சுழன்றன. அந்தப் பச்சை மட்டும் அசையாமல் ஒளிர்ந்தது. காலுறையைக்கூட எண்ணித்தான் இயந்திரத்தில் போடுவேன். அப்படிப்பட்ட என் விரல் தானாக அதை நோக்கி நீண்டது.

அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ஐயா, நீங்கள் அமத்தாதேங்கோ!"

"அப்ப ஆர் அமத்திறது?"

"எனக்குத் தெரியாத ஆக்கள்."

கணினியை மூடிவிட்டுத் துணிகளை எடுக்கப் போனார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரை அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.