பால் சட்டை

எங்கள் தோட்டத்தில் பேருக்கு ஒரு தேயிலைச் செடி கிடையாது. தெரணியகலைக்கு மேலே, ஏறினாலும் இறங்கினாலும் ரப்பர் மரம்தான். ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் வருசம் தவறாமல் கொழுந்து நடனம்தான் ஆடுவோம். தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். கொழுந்தை நாங்கள் பார்த்தது தேயிலைப் பேக்கட்டின் மேலிருந்த படத்தில். கூடை அட்டையில் செய்தது, கொழுந்து காற்றில் இருந்தது, நாங்கள் சந்தோசமாகப் பறித்துக்கொண்டிருந்தோம்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, தேயிலை விளைகிற ஹட்டன் பக்கமிருந்து ஒரு புது டீச்சர் வந்தார். கரவனெல்லையில் நடக்கவிருந்த போட்டிக்கு எட்டுப் பேரைப் பிடித்து, என்னை நடுவில் நிறுத்தினார். நன்றாகத் துள்ளுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் துள்ளலை இரண்டு நாள் பார்த்த டீச்சர், மலையில் வேலை செய்கிறவர்கள் இப்படியா குதிப்பார்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மினுக்குத் துணியெல்லாம் வேண்டாம், ஆளுக்கொரு முழுக்கைச் சட்டையும், வேலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள், எல்லாம் நிஜமானதாக இருக்க வேண்டும் என்றார்.

மற்ற ஏழு அம்மாக்களுக்கும் அந்தப் பேச்சு சரியாகப் புரிந்தது. டவுனுக்குப் போய்க் கட்டம் போட்ட புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார்கள். என் அம்மா மட்டும் டீச்சர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அம்மா பால் வெட்டுகிறவள். விடியும் முன்னே மலைக்குப் போய், மரத்தில் கத்தி போட்டு, சிரட்டையில் வடிகிற ரப்பர் பாலை வாளியில் சேர்த்துத் தூக்கி வருவாள். மலைக்கு உடுத்த அவளிடம் இருந்த முழுக்கைச் சட்டை ஒன்றுதான், அப்பா போட்டுக் கழித்தது. ரப்பர் பால் துணியில் பட்டால் லேசில் போகாது. காய்ந்து, கறுத்து, தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதோடு ஒரு புளித்த நாற்றம் வேறு. மூன்று நாள் சாயந்தரம் அம்மா வாசலில் உட்கார்ந்து அந்தக் கறையை நகத்தால் பிய்த்துப் பிய்த்து எடுத்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த அக்காவிடம், நம்ம சட்டை மேடையேறப் போகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடிய முதல் நாளே என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கைப்பட்டையில் பால் இறுகியிருந்ததால் மணிக்கட்டு மடங்கவில்லை. விரலால் ஆட வேண்டியதை முழுக் கையால் ஆட வேண்டியிருந்தது. படங்கு இடுப்பையும் காலையும் சேர்த்து இறுக்கியது. எட்டு வைத்தால் சின்ன எட்டுத்தான் வந்தது. காலைத் தூக்கும் முன் முதுகு தானாக வளைந்தது. என் துள்ளல் எங்கே போனதென்றே தெரியவில்லை. டீச்சர் கை தட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"எல்லாரும் இவளப் பாருங்க. நெசமாவே மலையில நிக்கிற பொம்பளை மாதிரி நிக்கிறா."

அவர் மனதாரத்தான் பாராட்டினார். எனக்கோ செத்துவிடலாம் போலிருந்தது. பதினொரு வயதில் யாருக்கு மலையில் நிற்கிற பொம்பளை மாதிரி நிற்க ஆசை? பின்னால் ஆடியவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "கந்தய்" என்றாள். நாறுகிறது என்று தமிழில் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சிங்களத்தில் சொன்னது ஏனோ டவுனே சேர்ந்து சொன்ன மாதிரி இருந்தது.

போட்டியன்று எட்டுப் பேரும் டீச்சரோடு காலை பஸ்ஸில் போனோம். அம்மா வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். சட்டையும் படங்கும் இருந்த பையை என் சீட்டுக்கு அடியில் காலால் தள்ளினேன். கரவனெல்லையில் எல்லாரோடும் வெறுங்கையாக இறங்கினேன். பின்னாலிருந்து கண்டக்டர், "நங்கி, பேக் எக" என்று பையைக் காட்டிக் கூப்பிட்டார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு கூட்டத்துக்குள் ஓடிவிட்டேன்.

பையைத் தவறவிட்டுவிட்டேன் என்று டீச்சரிடம் அழுதேன். அழுகை நன்றாகவே வந்தது. அவர் வேறு வழியில்லாமல் இன்னொரு பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் சரிகை வைத்த சிவப்புப் பாவாடை தாவணியை இரவல் வாங்கி உடுத்திவிட்டார். உடுத்தியதுமே மணிக்கட்டு திரும்பக் கிடைத்தது. கழுத்து நிமிர்ந்தது. அன்று ஆடிய மாதிரி நான் பிறகு ஒருநாளும் ஆடியதில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரவல் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் அம்மா நின்றாள். கலியாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை. காலையில் குட்டைக்கை ஜாக்கெட்டோடு மலைக்குப் போயிருக்கிறாள். கையெல்லாம் கொசு கடித்துத் தடித்துக் கிடந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு வரக்கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

"சட்டையவே தேடிக்கிட்டு இருந்தேன் புள்ள," என்றாள். "அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருச்சு."

நான் ஆடியதை அவள் பார்க்கவேயில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்றவள், நடுவில் ஆடிய சிவப்புப் பாவாடைக்காரியை யாரோ வெளியூர்ப் பிள்ளை என்று நினைத்திருக்கிறாள். அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன். முடிவு கேட்கக் காத்திருந்த டீச்சரிடம் அம்மா சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வேகமாக நடந்தாள்.

காலையில் வந்த அதே பஸ் திரும்பிப் போக நின்றிருந்தது. கிட்டே போனதும் கையை உருவிக்கொண்டு நான் பத்தடி தள்ளி நின்றேன். அம்மா கண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சினாள். ஒரு பை, அதில் ஒரு பழைய சட்டை, மலைக்கு அது ஒன்றுதான் என்றாள். அவர் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து பையையும், வெளியே கிடந்த சட்டையையும் இழுத்தார். சட்டையை வைத்து பஸ் கண்ணாடியைத் துடைத்திருந்தார்கள். துடைக்கிற துணி என்று நினைத்துவிட்டோம் என்றார். கெட்ட மனுசன் இல்லை, மன்னிப்பும் கேட்டார். அப்போது அவர் கண் என்மேல் விழுந்தது. இந்தப் பிள்ளைதான், நான் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்துவிட்டே போனது என்று சத்தமாகச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் மகளா அக்கே என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லை மாத்தயா, பக்கத்து வீட்டுப் பிள்ளை," என்றாள் அம்மா, சிங்களத்திலேயே. "கொண்டு வரச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். மறந்திருக்கும்."

சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தும் என்னைக் கூப்பிடவில்லை. நான் கடைசி சீட்டுக்குப் போனேன். தெரணியகலை வரைக்கும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கண்டக்டர் பேசிய சிங்களம் அம்மாவுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது, நல்லவேளை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.