ஆளுக்குப் பாதி டயட்

டாக்டரம்மா சொன்னது ஒரே வாக்கியம்தான். "சாப்பாட்டையும் குறைக்கணும், தினமும் நடக்கவும் செய்யணும். மூணு மாசத்துல ஆளுக்கு ஆறு கிலோ இறங்கியிருக்கணும்." அந்தக் கிளினிக்கிலிருந்து செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். வீடு வந்து சேர்வதற்குள் நானும் என் கணவரும் அந்த வாக்கியத்தை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டோம்.

அவர் நடையை எடுத்துக்கொண்டார். நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் நியாயம் இருந்தது. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க கரும்பலகை முன்னால் நின்றுவிட்டு வந்து, அதற்குமேல் நடக்க வேண்டுமென்றால் முட்டி ஒத்துக்கொள்ளாது. அவர் மோட்டார் பம்பு விற்பவர். மேல்பட்டாம்பாக்கம், பெண்ணாடம் என்று பைக்கில் சுற்றுவார். போகிற இடத்திலெல்லாம் டீயும் வடையும் வாங்கி வைப்பார்கள். வேண்டாமென்றால் மோட்டாரும் வேண்டாமென்று சொல்லிவிடுவார்களாம்.

"நடந்தா எரிஞ்சிடும். எரிஞ்ச அளவுக்குத் திரும்ப ஊத்திக்கிறது தப்பா? வண்டிக்குப் பெட்ரோல் போடலியா?" என்றார்.

"நீங்க என்னா ரிசர்வுலயா ஓடிக்கிட்டிருக்கீங்க? டேங்க் வழியுது" என்றேன்.

யார் வழி சரி என்று பார்த்துவிடலாம் என்று பந்தயம் கட்டினோம். தோற்றவர் ஒரு வருடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவ வேண்டும். நெத்திலியும் அதில் சேர்த்தி.

அவர் விடியற்காலையில் சில்வர் பீச்சுக்குப் போய் நாற்பது நிமிடம் நடப்பார். உண்மையாகவே நடப்பார், அதில் குறை சொல்ல முடியாது. வந்ததும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். அது நூற்றெண்பது கலோரி என்று காட்டும். அவர் முந்நூறு என்று படிப்பார்.

"இந்தப் போனுக்கு மணல்ல நடக்குற கஷ்டம் தெரியுமா? ஜாஸ்தியாத்தான் போட்டுக்கணும்."

அந்த முந்நூறையும் அரை மணி நேரத்தில் நெய் தோசையாகத் திரும்ப உள்ளே அனுப்பிவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அதே முந்நூறைத்தான் காரணம் காட்டுவார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு நோட்டுப் போட்டு, சாப்பிட்டதையெல்லாம் எழுதினேன். இரண்டு இட்லி என்று எழுதுவேன். அதோடு போன தேங்காய்ச் சட்னியை எழுதமாட்டேன். தொட்டுக்கொண்டது எப்படிச் சாப்பாடாகும்? அப்பளம் பொரிக்கும்போது உடைந்துபோகும் துண்டுகளையும் எழுதியதில்லை. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் அப்பளம் வழக்கத்தைவிட அதிகமாக உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்போம். மெஷினில் ஏறியதும் அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார். காற்றுக்கு எடை உண்டு என்று நான் சொன்ன பிறகு வெளியே விட்டுவிட்டு ஏறினார். நான் வாஷிங் மெஷின்மேல் ஒரு கையை லேசாக வைத்துக்கொள்வேன். முதல் வாரம் எனக்கு ஒரு கிலோ இறங்கியது, அவருக்கு அரைக் கிலோ ஏறியது. அடுத்த இரண்டு வாரத்தில் எனக்கு இறங்கியதும் வீடு திரும்பிவிட்டது.

அது திரும்பிய காரணம் எனக்குத் தெரியும். என் தம்பி சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் குடியிருக்கிறான். பசி தாங்காத ஒரு சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்துச் சந்திலிருந்த மெஸ்ஸுக்கு அழைத்துப் போனான். சுடச்சுட இட்லி, அதன்மேல் கத்தரிக்காய் கொத்சு. நான் நாலு இட்லி சாப்பிட்டேன், ஐந்தாவதைத் தம்பி தட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். "மாமாகிட்ட சொல்லிடாதடா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் தம்பி மகளுக்குக் கணக்கு சொல்லித்தரப் போனேன். அவள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

ஒன்றரை மாதம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை தம்பி போன் செய்தான்.

"அக்கா, நாளைக்குப் பதினோரு மணிக்கு நேரா மெஸ்ஸுக்கே வந்துடு. நான் அங்க இருக்கேன்."

சனிக்கிழமை காலையில் கணவர் பெண்ணாடத்தில் ஒரு மோட்டார் புகார் என்று, பைக் சர்வீஸில் இருந்ததால் பஸ்ஸில், எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். நான் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

மெஸ்ஸில் தம்பியைக் காணோம். குடும்பத்தோடு வருகிறவர்கள் உட்கார மரத்தடுப்பு வைத்து மறைத்த மேசைகள் உண்டு. அதில் ஒன்றில் உட்கார்ந்து இட்லியும் கொத்சும் சொன்னேன். முதல் வாய் வைத்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, கொத்சு கஞ்சத்தனம் பண்ணாம ஊத்துங்க. நாப்பது நிமிஷம் நடந்துட்டு வர்றேன்."

இருபத்து மூன்று வருடமாகக் கேட்கிற குரல். நான் எழுந்து தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவருக்கு முன்னால் இரண்டு மெதுவடை, பக்கத்தில் பொங்கல்.

"பெண்ணாடம் இங்கதான் இருக்குதா?" என்றேன்.

அவர் கை முதலில் வடையை மறைக்கத்தான் போனது. அப்புறம்தான் நான் அங்கே என்ன செய்கிறேன் என்பது அவருக்கு உறைத்தது. எழுந்து என் தட்டைப் பார்த்தார். "மூணாங்கிளாஸ் கணக்கு ரொம்ப கஷ்டமா இருக்குதோ? நாலு இட்லி தேவைப்படுது!"

யார் முதலில் ஏமாற்றியது என்று தடுப்புக்கு இரண்டு பக்கமும் நின்று அடிக்குரலில் சண்டை போட்டோம். பரிமாறுகிறவர் கொத்சு வாளியோடு யார் பக்கம் வருவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். அப்போது கைகழுவும் இடத்திலிருந்து என் தம்பி வந்தான். சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் தண்ணீர்.

"நீதான் ரெண்டு பேரையும் வரச்சொன்னியாடா?"

"பின்ன என்னாக்கா செய்யச் சொல்ற? புதன்கிழமை மாமா வர்றாரு, 'மச்சான், துணைக்கு உக்காரு'ங்கிறாரு. சனிக்கிழமை நீ வர்ற. ரெண்டு பேரும் சத்தியம் வாங்கிக்கிட்டீங்க. உங்களோட உக்காந்து தின்னு தின்னு எனக்கு நாலு கிலோ ஏறிடுச்சு. என் பொண்டாட்டி என்னைத் தனியா விசாரிக்கிறா!"

அவன் சட்டையின் நடு பட்டன் உண்மையிலேயே திணறிக்கொண்டிருந்தது. நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். வந்ததை வீணாக்காமல் மூவரும் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியாக அந்தக் கொத்சை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. ஒளிந்து தின்னும்போது அவசரத்தில் பாதி ருசி போய்விட்டிருக்கிறது.

வெயில் தாழ்ந்ததும், செய்த பாவத்துக்குக் கோயிலைச் சுற்றிய நாலு வீதியையும் நடப்போம் என்றார் கணவர். மேலவீதியில் தொடங்கி, வடக்கு வீதி திரும்பும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. கீழவீதியில் ஒரு பூக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி எனக்குத் துணையாக இருக்கிறேன் என்று சாக்குச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவரோ கையை வீசிக்கொண்டு முழுச் சுற்று முடித்து, மறுபடியும் எங்களைத் தாண்டிப் போனார். மூச்சு இரைக்கவே இல்லை. எடை இறங்காவிட்டாலும் அந்த நடை அவருக்கு ஏதோ செய்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நோட்டை அவரிடம் கொடுத்தேன். இரண்டு வடை தின்றால் காலையில் நடந்த நாற்பது நிமிடமும் அநேகமாகப் போயிற்று என்று விளக்கினேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து மூடினார்.

"அப்போ தினமும் வடைக்காகத்தான் நடந்திருக்கேனா?"

"தோசையை எந்தக் கணக்குல சேர்க்கிறது?" என்றேன்.

மறுநாளிலிருந்து பீச்சுக்கு நானும் போனேன். முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது. அவர் நோட்டில் எழுதத் தொடங்கினார், சட்னி உட்பட. நடந்ததற்கு என்று தனியாக எதுவும் தின்பதில்லை என்று முடிவு செய்தோம். கொத்சு மாதம் ஒரு தடவை, மூன்று பேரும் சேர்ந்து, வெளிப்படையாக. பந்தயத்தில் இருவருமே தோற்றதால் மீனை இருவரும் உட்கார்ந்து கழுவுகிறோம். அவர் கழுவிய நெத்திலியில் பாதிக்குத் தலை போகாமல் இருக்கும்.

மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனபோது எனக்கு மூன்றரைக் கிலோவும் அவருக்கு மூன்று கிலோவும் இறங்கியிருந்தன. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆறுன்னு சொன்னேனே?" என்றார்.

"ரெண்டு பேருதையும் சேர்த்தா ஆறரை வருது டாக்டர்" என்றார் கணவர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இன்னும் மூன்று மாதம் கொடுத்தார்.

போன வாரம் பள்ளியில் இரண்டாம் மாடியிலுள்ள வகுப்புக்கு, படியில் எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் ஏறிவிட்டேன். இதைக் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் தன் நடையால்தான் என்பார்.