தங்கச்சியின் கம்ப்யூட்டர் இன்டர்வியூ

எண்பதுகளின் நடுவில் கொழும்பில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி புதிதாகப் படித்து வந்தவர்களை வேலைக்கு எடுத்தது. கண்டியில் அந்தப் படிப்பை முடித்த என் தங்கச்சியையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். தலவாக்கலைப் பக்கம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவில் என்னை எதிரே உட்காரவைத்துத்தான் அவள் இன்டர்வியூவுக்குப் பழகினாள்.

"நீதான் சார். கேள்வி கேளுக்கா."

"எனக்கு வெக்கமா இருக்குடி."

"அதுக்குச் சுவத்தப் பாத்தா கேக்குறது? என்னயப் பாருக்கா."

நான் கேட்க அவளே ஒரு கேள்வி சொல்லித் தந்தாள். கொழுந்து பறித்தவர்களில் யாருடைய கூடையின் நிறை அதிகம் என்று மெஷின் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வழி எழுத வேண்டும். முதல் ஆளின் நிறையை வைத்துக்கொள், அடுத்தவருடையதோடு பார், பெரியதை மட்டும் வைத்துக்கொள், கடைசி ஆள்வரை அப்படியே போ என்றாள். எனக்கே விளங்கியது.

எங்கள் பயம் வேறு. கொழும்பில் தமிழர்களை அடித்து விரட்டிய கலவரம் நடந்து அதிக காலமாகவில்லை. அப்பா கூடவே ரயிலேறினார். புறப்படும்போது, "பெரியவங்க என்ன சொன்னாலும் ஆமாங்கன்னு சொல்லும்மா. எதுத்துப் பேசிராத" என்றார். தோட்டத்தை நடத்தும் தொரை முன்னால் நின்று நின்று அவர் கற்ற மரியாதை அது.

திரும்பி வந்தவள் சோற்றில் கை வைக்கவில்லை. கேட்டது நாங்கள் பழகிய கணக்கு மாதிரிதானாம். எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பார்த்த சார், "இது தப்புதானே?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்னடி சொன்ன?"

"ஆமாங்க சார்னேன்."

"தப்பாவா எழுதுன?"

"சரியாத்தாங்க்கா எழுதுனேன். ஏன் சரின்னு நான் பேசணும்னுதான் அப்புடிக் கேட்டாராம். தனக்குத் தெரிஞ்சத சொல்லப் பயப்படுறவங்களுக்கு இங்க வேல இல்லைன்னுட்டாரு. அடுத்தவாட்டி ஆள் எடுக்கிறப்ப வரச் சொன்னாரு."

அப்பா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

அடுத்தவாட்டிக்காக மறுபடியும் பழகினோம். இப்போது நான் தப்பு என்று சொல்ல வேண்டும், அவள் மறுக்க வேண்டும்.

"தப்பு" என்றேன்.

அவள் உதடு மட்டும் அசைந்தது.

"காதுல விழலடி."

"இல்லைங்க சார்! நான் எழுதுனது சரிதான்!"

உடனே பக்கத்துக் காம்பராவிலிருந்து அந்த வீட்டு அம்மாளின் குரல் வந்தது. "அக்காளுக்கும் தங்கச்சிக்கும் என்னடி சண்ட? வயசுப்புள்ள சத்தம் லயம் பூரா கேக்குது!"

"சண்ட இல்லம்மா, இன்டர்வியூ" என்றார் வாசலிலிருந்து அப்பா.

அதற்குள் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் எத்தனை தடவை தப்பு, தப்பு என்று சொல்லியும் கையை எடுக்கவில்லை.