அவர் குணமான சேதி

அப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். காசநோயால் நீண்ட விடுப்பில் இருந்த பேராசிரியர் ஒருவரின் இடத்தில் என்னை வைத்திருந்தார்கள். அவர் திரும்பினால் எனக்கு வேலை இல்லை. அந்தத் தற்காலிக வேலையை நம்பித்தான் பாலக்கரையில் வீடு பிடித்து, மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்திருந்தேன்.

கோடை விடுமுறைக்கு முன் ஒருநாள் அவரைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனேன். வாசலிலேயே அவர் மனைவி பூரிப்போடு சொன்னார்: "இன்னிக்கு இவர் தனியாவே நடந்து போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துட்டார். ஜூன்ல காலேஜுக்குப் போலாம்னு டாக்டரும் சொல்லிட்டார்."

சந்தோஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் முகம் வெளுத்ததைப் பார்த்த அந்த அம்மாள், "உடம்பு சரியில்லையா? வெயில்ல வந்திருக்கேள். இருங்கோ, மோர் கொண்டு வரேன்" என்று உள்ளே போனார்.

கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்கோ. உங்களுக்கு இது கஷ்டந்தான்" என்றார் மெதுவாக.

தலை நிமிராமல் மோரைக் குடித்தேன். ஜூனில் அவர் திரும்பினார். நான் வேறு ஊரில் இன்னொரு தற்காலிக வேலைக்குப் போனேன். வேலை போன வருத்தம் சீக்கிரமே ஆறிவிட்டது. பிழைத்து எழுந்த ஒரு மனிதரை அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேனே, அதை நினைத்தால் மட்டும் இன்றும் கூசிப்போகிறேன்.